பிரவுசரிலேயே அனிமேஷன்: கருவிகள், அவற்றின் முகப்புப் பக்கங்கள், பயனர்களின் எரிச்சல்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமேஷன் செய்ய இப்போது மென்பொருள் எதையும் நிறுவ வேண்டியதில்லை. பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் போதும். ஆனால் அப்படி வருபவர்களில் பலர் கருவியைத் தொட்டுப் பார்க்காமலேயே முகம் சுளித்துக்கொண்டு வெளியேறுகிறார்கள். கருவி தேடுபவர்களும் கருவி செய்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

எவற்றையெல்லாம் பிரவுசர் அனிமேஷன் கருவி என்கிறோம்?

ஒரு டேபுக்குள்ளேயே படம் வரைந்து, அதை அசையவைத்து, கோப்பாக எடுத்துக்கொள்ள முடிகிற எல்லாவற்றையும். சின்னச் சின்னக் கட்டங்களாக வரையும் பிக்சல் உருவங்களுக்குப் பிஸ்கல் இருக்கிறது. பழைய ஃப்ளாஷ் மென்பொருள் போல டைம்லைனும் (காட்சிகளை நேர வரிசையில் காட்டும் பட்டை) சிறு நிரல்களும் சேர்ந்து வேண்டும் என்பவர்களுக்குத் திறந்த மூலக் கருவியான விக் எடிட்டர். செயலிகளிலும் விளையாட்டுகளிலும் பயனர் தொடுவதற்கேற்ப மாறும் உருவங்களைச் செய்ய ரைவ். விளம்பரத் துணுக்குகளுக்கும் எழுத்துகளின் அசைவுகளுக்கும் ஜிட்டர்.

லாட்டியை இந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். அது கருவி அல்ல, கோப்பு வடிவம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அடோபி மென்பொருளில் செய்த அசைவை ஜேசன் என்ற உரைக் கோப்பாக எடுத்துச் செயலியிலும் இணையப் பக்கத்திலும் ஓட்டுவதற்காக 2017இல் ஏர்பிஎன்பி வெளியிட்டது. 1920களில் காகித நிழலுருவங்களைக் கொண்டு அனிமேஷன் செய்த ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரெய்னிகரின் நினைவாக வைத்த பெயர். இந்தத் துறையில் பெயர் வைப்பவர்களுக்கு எப்போதாவதுதான் இத்தனை ரசனை வாய்க்கிறது.

கருவி நன்றாக இருந்தும் பயனர்கள் ஏன் முகப்புப் பக்கத்தையே முதலில் திட்டுகிறார்கள்?

அவர்கள் பார்க்கும் முதல் மாதிரி அதுதான் என்பதால். கணக்கு எழுதும் மென்பொருளின் முகப்புப் பக்கம் திக்கித் திணறினால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அனிமேஷன் கருவியின் பக்கம் திணறினால், தன் சட்டைக்கே பொத்தான் தைக்காத தையல்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். அந்தக் கணிப்பில் நியாயமும் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஓடும் அசைவுகள் பெரும்பாலும் அதே கருவியில் செய்தவையாகத்தான் இருக்கும். அவை என் கணினியில் திணறினால், நான் செய்து என் வாடிக்கையாளருக்குக் கொடுக்கப்போவதும் அப்படித்தானே திணறும்?

இன்னொரு காரணமும் உண்டு. பக்கத்தைத் திறந்தவுடன் ஊதா நிறப் பந்துகள் மிதக்கும், எழுத்துகள் ஒவ்வொன்றாகக் குதித்து வந்து உட்காரும், "உங்கள் கற்பனைக்குச் சிறகு கொடுங்கள்" என்று ஒரு வரி மினுக்கும். இது இரு பரிமாணத்துக்கா, முப்பரிமாணத்துக்கா? கையால் வரையலாமா, ஏற்கெனவே வரைந்ததை இறக்குமதி செய்து நகர்த்த மட்டும்தான் முடியுமா? கடைசியில் கையில் கிடைப்பது வீடியோவா, நிரலா? இந்த மூன்றுக்கும் ஸ்க்ரோல் செய்யாமல் பதில் கிடைக்கும் பக்கங்கள் குறைவு. "இது என்ன செய்யும்?" என்று ஒருவர் கேட்டால், படிக்காமல் கேட்கிறார் என்று கருவி செய்தவர் நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் அவர் படித்துவிட்டுத்தான் கேட்கிறார்.

என் வரையில், முகப்பில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கருவியின் திரை, அதில் ஒரு டைம்லைன், அதை விரலால் இழுத்தால் அசையும் ஒரு உருவம். அதைத் தொட்டுப் பார்ப்பவருக்கு விளம்பர வாசகமே தேவைப்படாது.

இந்தக் குறை புதிதா?

இல்லை, வலைக்கு ஏறக்குறைய அதே வயது. 1996இல் ஃப்யூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர் என்று வந்த மென்பொருள் மேக்ரோமீடியாவின் கைக்குப் போய் ஃப்ளாஷ் ஆனது. அடுத்த சில ஆண்டுகளில், உள்ளே நுழைவதற்கு முன்பே அரை நிமிடம் பாட்டும் பறக்கும் எழுத்துமாக ஓடும் அறிமுகக் காட்சி இல்லாத நிறுவனத் தளம் அரிதாகிவிட்டது. அந்தக் காட்சியின் மூலையில் இருந்த "ஸ்கிப் இன்ட்ரோ" பொத்தானைத்தான் மக்கள் முதலில் தேடினார்கள். 2000 அக்டோபரில் பயன்பாட்டியல் நிபுணர் ஜேகப் நீல்சன், ஃப்ளாஷ் 99 சதவீதம் மோசம் என்ற தலைப்பிலேயே கட்டுரை எழுதினார். பின்செல்லும் பொத்தான் வேலை செய்யாதது, எழுத்தின் அளவைப் பெரிதாக்க முடியாதது போன்ற அன்றாடத் தொல்லைகள் அவர் அடுக்கிய குறைகளில் அடங்கும்.

2010 ஏப்ரலில் ஐபோனில் ஃப்ளாஷுக்கு இடமில்லை என்று ஸ்டீவ் ஜாப்ஸ் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். மேக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி, 2020 டிசம்பர் 31உடன் ஃப்ளாஷுக்கான ஆதரவை நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் கோப்புகளை ஓட்டவே மறுத்தது. பழைய கோப்புகளைத் திறக்க இன்று ரஃபிள் என்ற திறந்த மூல எமுலேட்டர் இருக்கிறது.

ஃப்ளாஷ் போய்விட்டது, அறிமுகக் காட்சி போகவில்லை. முன்பு தனித் திரையாக நின்றது இப்போது ஸ்க்ரோலுக்குள் புகுந்துகொண்டது, அவ்வளவுதான். போதாக்குறைக்கு, அன்று இருந்த ஸ்கிப் பொத்தானும் இன்று இல்லை.

"ஸ்க்ரோலைக் கைப்பற்றுகிறார்கள்" என்ற புகார் எதைப் பற்றியது?

மவுஸின் சக்கரத்தை ஒருமுறை உருட்டினால் பக்கம் வழக்கமான தூரம் நகர வேண்டும். சில பக்கங்கள் அந்த உருட்டலைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, பக்கத்தை அப்படியே நிறுத்திவைத்து, உள்ளே ஒரு அசைவை ஓட்டிக் காட்டுகின்றன. நீங்கள் உருட்டிக்கொண்டே இருப்பீர்கள், திரையில் ஒரு கனசதுரம் சுழன்றுகொண்டே இருக்கும். விலைப்பட்டியல் எங்கே என்று பார்க்க வந்தவருக்கு அதில் என்ன ஆர்வம் இருக்கும்?

ஸ்க்ரோலோடு அசைவை இணைப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஜிசாப் என்ற அசைவு நிரல் நூலகத்தின் ஸ்க்ரோல்டிரிகர், 2023இல் குரோம் 115இல் வந்த சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் மொழி) ஸ்க்ரோல் அசைவுகள் இரண்டுமே, உருட்டும் வேகத்தைத் தொடாமலேயே படங்களை நகர்த்த உதவுகின்றன. பயனரின் விரலுக்கு அசைவு கட்டுப்பட்டால் ரசிக்கிறார்கள். அசைவுக்கு விரல் கட்டுப்பட வேண்டியிருந்தால் டேபை மூடுகிறார்கள்.

பக்கத்தைத் திறந்ததும் லேப்டாப்பின் விசிறி இரைவது ஏன்?

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் ஒவ்வொரு சட்டகத்துக்கும் (அசைவின் ஒரு நிலைப்படம்) பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி நொடி. ஒரு பெட்டியை நகர்த்த அதன் இடது ஓர மதிப்பையோ அகலத்தையோ மாற்றிக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் பக்கத்தின் அமைப்பையே பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்ம் (இடம், அளவு, சுழற்சி), ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை) இரண்டையும் மட்டும் மாற்றினால் அந்த வேலை பெரும்பாலும் கிராஃபிக்ஸ் சிப்புக்குப் போய்விடும். இது எல்லாருக்கும் தெரிந்த பாடம்தான். ஆனாலும் பின்னணியில் வெப்ஜிஎல் (பிரவுசரின் கிராஃபிக்ஸ் வசதி) வரையும் அலைகள், அதன்மேல் மங்கலான கண்ணாடிப் பட்டை, நடுவில் தானாக ஓடும் மூன்று வீடியோக்கள் என்று அடுக்கிவிட்டால் பாடம் பலிக்காது. செய்தவரிடம் இருப்பது விலையுயர்ந்த புதுக் கணினி. வருபவரிடம் இருப்பது ஐந்தாண்டு பழைய அலுவலக லேப்டாப்.

கூகுளின் அளவுகோல்படி, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும். சொடுக்கினால் 200 மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும். தன் பக்கத்தைச் சோதிக்க விரும்புபவர், கண்ணுக்குத் தெரியாத அசைவுகளை நிறுத்திவைக்கிறோமா என்பதை முதலில் பார்க்கட்டும். திரைக்கு வெளியே உருண்டுபோன அலை அங்கேயும் ஓடிக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி காணும் தவறு.

தலைசுற்றுகிறது என்று சிலர் சொல்வது மிகையில்லையா?

மிகை இல்லை. உள்காதின் சமநிலை உறுப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு, உடல் அசையாதபோது கண்முன் பெரும்பரப்பு அசைந்தால் குமட்டலும் தலைச்சுற்றலும் வரும். 2013இல் ஆப்பிள் ஐஓஎஸ் 7இல் ஐகான்களைப் பெரிதாக்கிப் பாயவைத்தபோது இதே புகார் எழுந்தது. அசைவைக் குறைக்கும் அமைப்பை அடுத்த சில வாரங்களிலேயே விரிவாக்க வேண்டியதாயிற்று. வேகமாகப் பளிச்சிடும் காட்சிகளின் அபாயம் இன்னும் பெரிது: 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு தொலைக்காட்சிக் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறிமாறி மின்னியதைப் பார்த்து 600க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் குழந்தைகள், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

வலை அணுகல் நெறிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த வழி இருக்க வேண்டும். எதுவும் நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது. "அசைவைக் குறை" என்று பயனர் தன் கணினியில் சொல்லிவைத்திருந்தால் அதைப் பக்கம் தெரிந்துகொள்ள சிஎஸ்எஸ்ஸில் வழியும் இருக்கிறது: சஃபாரியில் 2017இலும், ஃபயர்ஃபாக்ஸில் 2018இலும், குரோமில் 2019இலும் வந்துவிட்டது. சில வரிகளில் முடிகிற வேலை. அனிமேஷன் விற்பவர்களே அதைச் செய்யாமல் விடுவதுதான் எனக்குப் புரியாத புதிர்.

கணக்கு தொடங்காமல் பயன்படுத்த முடியுமா?

விக் எடிட்டரும் பிஸ்கலும் நேராகத் திறக்கும். கூட்டாகப் பணிபுரியும் கருவிகளில் கோப்பு அவர்களுடைய சர்வரில் இருக்க வேண்டும் என்பதால் கணக்குக் கேட்பார்கள். அதில் தவறில்லை, கேட்கும் நேரம்தான் பிரச்சினை. ஒரு உருவத்தை வரைந்து, அசைத்து, சேமிக்கப் போகும்போது மின்னஞ்சல் கேட்டால் பெரும்பாலோர் கொடுத்துவிடுவார்கள். கதவைத் திறக்கும் முன்பே கேட்டால், போலி முகவரியைக் கொடுப்பார்கள் அல்லது போய்விடுவார்கள்.

செய்த வேலை எங்கே சேமிக்கப்படுகிறது? ஒருநாள் வந்து பார்த்தால் காணவில்லையே!

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். கணக்கு இல்லாத கருவிகள் உங்கள் வேலையைப் பிரவுசரின் உள்கிடங்கில் வைக்கின்றன. அது உங்கள் கணினியில்தான் இருக்கிறது; ஆனால் உங்கள் கோப்புறையில் இல்லை. குக்கீகளையும் தளத் தரவையும் அழித்தால் அதுவும் சேர்ந்து போகும். மறைநிலைச் சாளரத்தில் வேலை செய்தால், சாளரத்தை மூடும்போது போகும்.

சஃபாரி பயனர்களுக்கு ஒரு கூடுதல் ஆபத்து. விளம்பர நிறுவனங்கள் பயனரைப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக 2020இல் ஆப்பிள் ஒரு விதி கொண்டுவந்தது: சஃபாரியைப் பயன்படுத்தும் 7 நாட்களில் ஒரு தளத்தை நீங்கள் தொடவே இல்லையென்றால், அந்தத் தளத்தின் நிரல் சேமித்துவைத்த தரவு அழிக்கப்படும். வேவு பார்ப்பவர்களுக்கு விரித்த வலையில் உங்கள் பாதி முடிந்த கார்ட்டூனும் சிக்கிக்கொள்கிறது. தளத்தை முகப்புத் திரையில் செயலிபோல் சேர்த்துவைத்தால் இந்தக் கெடு பொருந்தாது. அதைவிட எளிது, எழுந்து போகும்போதெல்லாம் திட்டக் கோப்பைப் பதிவிறக்கி வைப்பது. அப்படிப் பதிவிறக்க வசதியே இல்லாத கருவியில் பெரிய வேலையைத் தொடங்காதீர்கள்.

குரோம் வகைப் பிரவுசர்களில் 2020 முதல், கருவி நேரடியாக உங்கள் வன்தட்டிலுள்ள கோப்பிலேயே எழுத முடிகிறது. "குரோமில் மட்டும்தான் முழுமையாக வேலை செய்யும்" என்று சில கருவிகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் ஃபயர்ஃபாக்ஸ்காரர்களின் கோபம் பாதி குறையும்.

டைம்லைனை நகர்த்தினால் முந்தைய பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஏன்?

டச்பேடில் இரண்டு விரலால் பக்கவாட்டில் தள்ளினால் டைம்லைன் நகரும். அது தொடக்கத்துக்கு வந்து முட்டியபிறகும் தள்ளினால், "பின்னால் போ" என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும். அரைமணி நேர வேலை அந்தத் தள்ளலில் போகும். ஓவர்ஸ்க்ரோல் பிஹேவியர் என்ற ஒற்றை சிஎஸ்எஸ் வரி இதைத் தடுக்கும். விசைப்பலகையில் அப்படி எளிய மருந்து இல்லை: கன்ட்ரோலும் டபிள்யூவும் சேர்த்து அழுத்தினால் டேப் மூடிக்கொள்ளும், அதைச் சாதாரணப் பக்கம் எதுவும் மறிக்க முடியாது. "சேமிக்காத மாற்றங்கள் இருக்கின்றன, வெளியேறவா?" என்று கேட்கவைக்கத்தான் முடியும். நல்ல கருவிகள் கேட்கின்றன.

வீடியோவாக எடுக்கும்போது மட்டும் ஏன் இத்தனை சிக்கல்?

பொதுவான புகார்கள் மூன்று.

முதலாவது, வேறு டேபுக்குப் போனால் ஏற்றுமதி நின்றுவிடுகிறது. மறைந்திருக்கும் டேப்களுக்கு அசைவுச் சட்டகங்களை வழங்குவதைப் பிரவுசர் நிறுத்திவிடும்; மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அது. சட்டகத்துக்குச் சட்டகம் திரையில் வரைந்து பதிவுசெய்யும் கருவி அதோடு சேர்ந்து உறங்கிவிடும். இப்படிப் பதிவுசெய்யும் முறையில் இன்னொரு குறையும் உண்டு: ஒரு நிமிட அனிமேஷனுக்கு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும், கணினி திணறினால் சட்டகங்கள் விடுபடும். 2021இல் குரோம் 94இல் வந்த வெப்கோடெக்ஸ் (சட்டகங்களை நேரடியாக வீடியோவாகக் குறியாக்கும் வசதி) இதற்கு மாற்று. 2024இல் ஃபயர்ஃபாக்ஸின் கணினிப் பதிப்பிலும் வந்துவிட்டது. அதைப் பின்னணி வொர்க்கரில் (பக்கத்திலிருந்து தனியாக ஓடும் நிரல்) ஓட்டும் கருவி, நீங்கள் மின்னஞ்சல் பார்க்கப் போனாலும் வேலையை முடித்துவைக்கும்.

இரண்டாவது, ஜிஃப் மெதுவாக ஓடுகிறது. 1987இல் பிறந்த அந்த வடிவத்தில் ஒரு சட்டகத்துக்கு 256 நிறங்கள்தான், நேரமும் நொடியில் நூறில் ஒரு பங்காகத்தான் அளக்கப்படும். எனவே நொடிக்கு 60 சட்டகம் அதில் எழுதவே முடியாது. மிக வேகமாக ஓடட்டும் என்று நூறில் ஒரு பங்கு கொடுத்தால், பிரவுசர்கள் அதை நம்பாமல் பத்தில் ஒரு நொடியாக மாற்றி ஓட்டும். வேகம் கேட்டவருக்கு நத்தை கிடைக்கும். நூறில் இரண்டு கொடுங்கள், 50 சட்டகம் வரும்.

மூன்றாவது, பின்னணி இல்லாமல் எடுத்தால் கறுப்பு விழுகிறது. வழக்கமான எம்பி4 வீடியோவில் ஒளிபுகும் பின்னணி கிடையாது. வெப்எம் வீடியோவாகவோ பிஎன்ஜி படங்களின் வரிசையாகவோ எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காவதாக ஒன்று சொல்லலாம், அது தொழில்நுட்பம் சார்ந்ததல்ல. "இலவசம்" என்று முகப்பில் பெரிதாக எழுதிவிட்டு, இரண்டு மணிநேரம் வேலை செய்தபின் ஏற்றுமதிப் பொத்தானில் வாட்டர்மார்க்கையும் விலையையும் காட்டுவது. கட்டணம் கேட்பதை யாரும் குறை சொல்லவில்லை, மறைத்ததைத்தான் மன்னிப்பதில்லை.

கைபேசியில் செய்யலாமா?

பார்க்கலாம், சிறு திருத்தம் செய்யலாம். டைம்லைனை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆறு அங்குலத் திரை போதாது. ஆனால் முகப்புப் பக்கம் கைபேசியில் திறக்க வேண்டும். இணைப்பைப் பெரும்பாலோர் முதலில் தட்டுவது அங்கேதான். "கணினியில் வரவும்" என்று மட்டும் சொல்லாமல், ஒரு சிறு மாதிரியைக் காட்டி இணைப்பை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்ள வழி கொடுங்கள்.

கருவி செய்பவர் எந்தக் கருத்தைப் பொருட்படுத்த வேண்டும்?

"இதில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இருக்கும் அது இல்லையே" என்ற கருத்து பெரும்பாலும் உங்களுக்கானது அல்ல; ஆஃப்டர் எஃபெக்ட்ஸை விட்டு வரும் எண்ணமே அவருக்கு இருக்காது. "அருமை, வாழ்த்துகள்" என்பதும் அதே கணக்குதான். "கீஃப்ரேமை இரண்டாவது முறை இழுத்தபோது முதலாவது நகர்ந்துவிட்டது" என்று எழுதியவரை விடாதீர்கள் (கீஃப்ரேம் என்பது அசைவில் ஒரு நிலையைக் குறிக்கும் புள்ளி). அவர் கருவியைத் திறந்தார், வரைந்தார், ஒருமுறை இழுத்தார், மறுமுறையும் இழுத்தார். திட்டுவதற்காகவேனும் அவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறார். முகப்பைப் பற்றி வரும் வசவுகளில், திரையின் அளவையோ பிரவுசரின் பெயரையோ குறிப்பிட்டவற்றை முதலில் பாருங்கள். அவை சில மணிநேரத்தில் சரிசெய்யக் கூடியவையாக இருக்கும்.

தமிழ் எழுத்தை அசைக்கும்போது ஏன் உடைகிறது?

எழுத்தெழுத்தாகப் பறந்துவரும் அசைவுக்கு, கருவி சொல்லைத் துண்டாக்க வேண்டும். ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதிய நிரல் எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யூனிகோட் குறியீடு குறியீடாக வெட்டும். "கொடி" என்ற சொல்லில் நாம் பார்ப்பது இரண்டு எழுத்து. கணினியிடம் இருப்பது நான்கு குறியீடு. ககரம் தனியாகப் பறந்து வரும். ஒகரக் குறி, ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் ஒரு புள்ளிவட்டத்தைச் சுமந்துகொண்டு பின்னால் வரும். அந்தப் புள்ளிவட்டத்தைத் திருமண அழைப்பிதழ் வீடியோக்களில்கூடப் பார்த்திருப்பீர்கள்.

தீர்வு இருக்கிறது. இன்ட்ல் செக்மென்ட்டர் என்ற வசதி, வாசகர் எழுத்தாகப் பார்க்கும் அலகுகளாகவே சொல்லைப் பிரித்துத் தரும். குரோமிலும் சஃபாரியிலும் சில ஆண்டுகளாகவே இருக்கிறது, 2024இல் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்துகொண்டது. அதைப் பயன்படுத்தினால் "கொ" உடையாது. ஆனால் "ஸ்ரீ", "க்ஷ" இரண்டையும் அதுவும் இரண்டாகத்தான் வெட்டும். அவற்றுக்குத் தனி விதி எழுத வேண்டும். கருவியை மாற்ற முடியாதவர்கள், சொல்லை வடிவக் கோடுகளாக மாற்றி, ஒவ்வொரு எழுத்தின் கோடுகளையும் கையால் குழுவாக்கி அசைக்கலாம். வேலை கூடும், ஆனால் உடையாது.

புதிய கருவி எதையாவது பார்த்தால், விலைப்பட்டியலுக்குப் போகும் முன் அதன் எழுத்துப் பெட்டியில் "ஸ்ரீகொடி க்ஷணம்" என்று தட்டி, எழுத்தெழுத்தாக வரும் அசைவைப் போட்டுப் பாருங்கள். புள்ளிவட்டம் தெரிந்தால் ஒரு படம் எடுத்து, எந்தப் பிரவுசர் என்ற குறிப்போடு கருவி செய்தவருக்கு அனுப்புங்கள்.